அடுக்களைத் தபால்: திரிந்த பாலும் புளித்த தயிரும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், பாலேடு சேர்த்து வீட்டிலேயே வெண்ணெய் எடுப்பது பற்றிப் பத்து வரி எழுதினேன். அவ்வளவுதான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், மிஞ்சிப்போன பாலையும் தயிரையும் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்கப் பால் பஞ்சாயத்துதான்.

என்னைப் பற்றித் தெரியாத புது வாசகர்களுக்கு: நான் பிறந்தது ஊத்துக்குளிப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே 'வெண்ணெய் வருமா?' என்றுதான் கேட்பார்கள். கட்டுத்தரையில் மூன்று எருமைகள் நின்ற வீட்டில் வளர்ந்து, வாக்கப்பட்டு, கோயமுத்தூர் வந்து பாக்கெட் பாலுக்கு மாறி நாற்பது வருஷம் ஆகிறது. அந்தப் பாலும் தெரியும், இந்தப் பாலும் தெரியும்.

வாசகி, திருச்சி: மகனும் மகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். தினமும் மூன்று அரை லிட்டர் பாக்கெட் வருகிறது. ஃபிரிட்ஜில் எப்போதும் நாலைந்து நிற்கிறது. தேதி முடிவதற்குள் என்ன செய்யலாம்? பால்கோவா செய்து அனுப்பலாமா?

நாளைக் காலையில் பால் போடுகிறவரிடம் 'ஒரு பாக்கெட் போதும்' என்று சொல்லுங்கள். மிச்சத்தை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, என் மகன் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு ஏழெட்டு மாதம் அவன் பங்குப் பாலையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தவள்தான் நான். பால் கணக்கைக் குறைத்தால் பிள்ளை இன்னும் தூரம் போய்விடுவான் என்பதுபோல ஒரு நினைப்பு. ஒருநாள் வீட்டுக்காரர், "அவன் அங்க டீக்கடையில குடிச்சுட்டு இருக்கான், நீ இங்க அவனுக்குப் பால் காய்ச்சற" என்றார். அன்றைக்குத்தான் நிறுத்தினேன்.

இப்போது கையில் இருக்கிற நாலைந்து பாக்கெட்டுக்கு வருவோம். தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே கையை வையுங்கள். கடைசி நாள் வரை வைத்துவிட்டு அவசரப்பட்டால் எதைச் செய்தாலும் அரை மனசாகத்தான் வரும். பாக்கெட்டை ஃபிரிட்ஜ் கதவில் செருகி வைக்காதீர்கள். திறக்கத் திறக்க அங்கேதான் சூடு ஏறும். உள்ளே, பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

இரண்டு பாக்கெட்டைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, டம்ளர் அளவுள்ள மூடி டப்பாக்களில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது பால் விரியும், அதற்குத்தான் அந்தக் கால் பங்கு இடம். ஒரு மாதம் தாங்கும். எடுத்து உருக்கினால் கொழுப்பு தனியாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பயப்பட வேண்டாம், கொதிக்கவிட்டுக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். காபிக்கு ருசி மட்டுத்தான். பாயசத்துக்கும் சந்தகைக்குத் (எங்கள் பக்கத்து இடியாப்பம்) தேங்காய்ப் பாலோடு கலப்பதற்கும் குறை தெரியாது.

பால்கோவா ஆசைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நிறைகொழுப்புப் பால் ஒரு லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் கோவா வரும். பாக்கெட்டின்மேல் கொழுப்பு 6 சதவீதம் என்று போட்டிருந்தால்தான் அதுவும். சமன்படுத்திய பால் என்றால் 3 சதவீதம்தான் கொழுப்பு. அதில் கோவா குறைவாகவும் இழுவையாகவும்தான் வரும். முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ அடுப்பு எரியவேண்டும். அப்புறம் சர்க்கரை, ஏலக்காய், மேலே தூவ முந்திரி. அரை லிட்டர் பாலை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைவிட அதிகமாகச் செலவழிப்பது எனக்கு ஒத்துவராது. பிள்ளைகளுக்கு இனிப்பு அனுப்ப வேண்டும் என்ற ஆசையில் செய்தால் அது வேறு, தாராளமாகச் செய்யுங்கள். மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் விறகடுப்பில் அகன்ற வாணலி வைத்து, கைவிடாமல் கிளறி அதற்கென்றே ஒரு பக்குவம் வைத்திருக்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அது மிச்சப் பாலில் வந்த பெயர் அல்ல.

அகன்ற வாணலி என்றதும் என் கதை ஒன்று. கல்யாணமான புதிது. நாத்தனாருக்கு நிச்சயம் வைத்திருந்தோம். ஒரம்பரை (விருந்தாளிகள்) நிறைய வரும் என்று பன்னிரண்டு லிட்டர் பால் சொல்லி வைத்தோம். ஐப்பசி மழை அடித்த அடியில் பாதிப் பேர் வரவில்லை. ராத்திரி எட்டு லிட்டர் பால் நிற்கிறது. புது மருமகள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவேண்டாமா? எட்டு லிட்டரையும் ஒரே குண்டானில் கொட்டித் திரட்டுப்பால் கிண்டினேன். குறுகிய வாய், ஆழமான குண்டான். ராத்திரி இரண்டு மணி வரை அது பாலாகவே இருந்தது. கொஞ்சம் கண் அசந்தேன். அடிப்பிடித்த வாசம் வாசல் திண்ணையில் படுத்திருந்தவர்களையே எழுப்பிவிட்டது. காந்தல் வாசம் எட்டு லிட்டரிலும் ஏறிவிட்டது. அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) திட்டவில்லை. "நாலு போசியில ஊத்திப் பெரை ஊத்தியிருந்தா, காத்தால மோராவது ஆயிருக்குமே கண்ணு" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் பால் மிஞ்சினால் என் கை முதலில் உறை ஊற்றும் பிரைத் தயிரைத்தான் தேடும்.

ஆகவே மிச்ச இரண்டு பாக்கெட்டையும் தயிராக்குங்கள். ஒரே பாத்திரத்தில் வேண்டாம், மூன்று சின்னக் கிண்ணங்களில் தோயுங்கள். ஒரே பாத்திரமாக இருந்தால் தினமும் கரண்டி விட்டு விட்டு, மூன்றாம் நாள் நீர் விட்டுப் புளித்து நிற்கும். கிண்ணம் கிண்ணமாக இருந்தால் தொடாதது அப்படியே இருக்கும்.

வாசகர், பெருங்குடி, சென்னை: அறையில் நாங்கள் நான்கு பேர். வாரத்தில் இரண்டு நாளாவது காய்ச்சும்போது பால் திரிந்துவிடுகிறது அக்கா. அதைப் பன்னீராக்கிச் சாப்பிடலாம் என்கிறான் நண்பன். வயிற்றுக்கு ஏதாவது ஆகுமா?

வாரம் இரண்டு தடவை திரிகிறதென்றால் முதலில் திரியாமல் இருக்கவல்லவா வழி தேடவேண்டும் தம்பி? விடிகாலை ஐந்து மணிக்குக் கதவில் தொங்கவிட்ட பையை நீங்கள் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? நாலு பேரும் ஒன்பது மணிக்கு எழுந்திருந்தால், சென்னை வெக்கையில் நாலு மணி நேரம் தொங்கிய பால் அது. இன்னொன்று பாத்திரம். நேற்றைய பாலாடை பாத்திரத்தின் விளிம்பு மடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்தால், இன்றைய பாலுக்கு அதுவே பிரை. கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள்.

திரிந்த பாலைச் சாப்பிடலாமா என்பதற்கு என் சோதனை: முகர்ந்து பார். லேசான புளிப்பு வாசம் மட்டும் வந்து, திப்பி வெள்ளையாக, நீர் இளம்பச்சை மஞ்சளாகப் பிரிந்திருந்தால் சாப்பிடலாம். கசப்பு, அழுகல் வாடை, நூல் மாதிரி இழுவை, வேறு நிறம் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொட்டிவிடு. 'கொதித்துவிட்டதே, கிருமி செத்திருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. கிருமி செத்தாலும் அது விட்டுப்போன சில நச்சு கொதிக்கிற சூட்டுக்கும் அசையாது. அறையில் யாருக்காவது ஏற்கெனவே வயிறு சரியில்லை என்றால் நல்ல திப்பியும் வேண்டாம்.

நல்லதாக இருந்தால், பாதி திரிந்து பாதி பாலாக நிற்கும்போது கால் கப் புளித்த தயிரை விட்டுக் கலக்கு. முழுசாகப் பிரியும். துணியில் வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழி. அரை லிட்டரில் எண்பது கிராம் கிடைத்தால் பெரிசு. அதைத் துண்டு போட்டுப் பட்டர் மசாலா எல்லாம் செய்ய முடியாது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் தூள் போட்டு, முட்டைப் பொடிமாஸ் மாதிரி உதிர்த்து வதக்கினால் நாலு பேருக்கும் இரண்டிரண்டு சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வரும். அந்தச் சப்பாத்திக்கு மாவு பிசைய, வடிகட்டிய நீரைச் சேர்த்துக்கொள். மாவு மெத்தென்று இருக்கும். மிஞ்சினால் ரசத்தில் தண்ணீருக்குப் பதிலாக விடு, புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

வாசகி, மதுரை: புளித்த தயிர் என்றால் எல்லோரும் மோர்க்குழம்பு என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். வேறு வழி இருக்கிறதா?

தொடமாட்டார்கள் என்றால், ஒருவேளை உங்கள் மோர்க்குழம்பு திரிந்து திரிந்து இருக்கிறதோ என்று முதல் சந்தேகம். தேங்காய், சீரகம், பச்சைமிளகாயோடு ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் ஒவ்வொரு ஸ்பூன் சேர்த்து அரைத்தால் அது தயிரைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நுரை கூடியதும் அடுப்பை நிறுத்தவேண்டும், தளதளவென்று கொதிக்கவிடக்கூடாது. ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்தவில்லை.

அடுத்தது மோர்க்களி. இதை மறந்துவிட்டோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பச்சரிசி மாவு ஒரு கப், நன்றாகப் புளித்த மோர் இரண்டு கப், தண்ணீர் ஒரு கப், உப்பு, கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, மோர் மிளகாய் நாலைந்து கருக வறுத்து, கரைசலை ஊற்றிச் சின்னத் தீயில் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, சூடாகவே சாப்பிட வேண்டும். ஒரு கப் மாவில் மூன்று பேருக்குச் சாயங்காலப் பசி அடங்கும். தயிர் எவ்வளவு புளிக்கிறதோ அவ்வளவு ருசி. புளிக்காத தயிரில் செய்தால் அது வெறும் களி.

அந்த மோர் மிளகாயே புளித்த மோரின் பிள்ளைதானே. மாசி கடைசியில் வெயில் ஏறும்போது அரைக் கிலோ குண்டு மிளகாய் வாங்குங்கள். காம்பை விட்டுவிட்டு நுனியில் சின்னதாகக் கீறி, அரை லிட்டர் கெட்டிப் புளித்த மோரில் ஒரு கைப்பிடி உப்பும் கொஞ்சம் வெந்தயப் பொடியும் போட்டு ஊறவையுங்கள். இரண்டு ராத்திரி ஊறட்டும். பிறகு பகலில் மிளகாயை மட்டும் வெயிலில், பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே மோரில். மோர் முழுக்க மிளகாயில் ஏறி, பாத்திரம் காலியாகும்வரை இப்படியே. அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை காய்ச்சல். சுண்டைக்காய், மிதுக்கங்காய், கொத்தவரங்காய் எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். அடுக்குமாடியில் வெயிலுக்கு எங்கே போவது என்று எழுதாதீர்கள், துணி காயப்போடுகிற பால்கனிக் கம்பியில் முறத்தைக் கட்டித் தொங்கவிட்டு நான் காயவைத்திருக்கிறேன். காக்காய் கொத்தாமல் இருக்க மேலே பழைய வலைத்துணி.

ரவா தோசை, கோதுமை தோசை, கம்மங்கூழ், ராகிக்கூழ் எல்லாம் உங்களுக்கே தெரியும். கோழி ஊறவைப்பதற்கும் புளித்த தயிர்தான் நல்லது. புளிப்பை மட்டும் குறைத்துத் தயிர்சாதத்துக்கே பயன்படுத்த வேண்டுமென்றால், தயிர்மேல் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை மெல்ல விட்டு, கலக்காமல் ஒரு மணி நேரம் வைத்து, மேலே நிற்கும் நீரை இறுத்துவிடுங்கள். புளிப்பில் கொஞ்சம் அதோடு போய்விடும். இறுத்த நீர் கூழுக்கு.

தயிர்மேல் இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ பூஞ்சை திட்டு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெறியும் வேலை வேண்டாம். தயிர் இளகின பொருள், வேர் எங்கே ஓடியிருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. முழுசும் போகட்டும்.

வாசகி, நாகர்கோவில்: போன மாதம் நீங்கள் எழுதியபடி இருபது நாள் பாலாடை சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். அரை மணி நேரம் அடித்தும் வெண்ணெய் திரளவில்லை. மிக்ஸிதான் சூடானது. கடைசியில் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினேன்.

தப்பு என்னுடையது. 'ஆடையில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு அடியுங்கள்' என்று எழுதினேனே தவிர, குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஊரில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) விடியற்காலை நாலரை மணிக்கு மத்தைக் கையில் எடுப்பாள். அந்த நேரத்துக் குளிரில்தான் தயிர் சிலுப்பினால் வெண்ணெய் உருண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், எழுத வரவில்லை.

வெண்ணெய் திரள ஏடு 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதைவிடச் சூடானால் கொழுப்பு இளகி, மணி மணியாகச் சேராமல் கிரீம் மாதிரி வழுவழுவென்றே நிற்கும். மிக்ஸி ஓட ஓடச் சூடு ஏறும். ஆகையால் ஃபிரீசரில் சேர்த்த ஏட்டை முதல்நாள் கீழே இறக்கி, இரண்டு ஸ்பூன் தயிர் கலந்து, சில மணி நேரம் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, மறுபடி குளிரவையுங்கள். ஜாரில் பாதிதான் நிரப்பவேண்டும். விட்டு விட்டு ஓட்டுங்கள். கெட்டியானதும் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர். அந்தத் தண்ணீர் பட்டதும் சளக் சளக் என்று சத்தம் மாறும், வெண்ணெய் மிதக்கும். மார்கழியில் இதற்கு நேர்மாறு. ரொம்ப இறுகியிருந்தால் ஒரு கை வெதுவெதுப்பான நீர் விடவேண்டும்.

இனி யாரும் கொட்டாதீர்கள். திரளாத ஏட்டை அப்படியே அடி கனமான வாணலியில் ஊற்றிக் காய்ச்சினாலே நெய் பிரியும். நேரம் கூட ஆகும், அடியில் கசண்டு (மண்டி) அதிகம் நிற்கும், ஆனால் நெய் நெய்தான்.

சில பாக்கெட்டுகளில் 'ஒருமைப்படுத்திய பால்' என்று போட்டிருக்கும். கொழுப்பை உடைத்து நுணுக்கிப் பால் முழுக்கப் பரப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அதில் கனமான ஏடு கட்டாது. இருபது நாள் சேர்த்தாலும் இரண்டு கரண்டிதான். அந்தப் பாலை வாங்குகிறவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

வாசகி, பெங்களூரு: ஊரிலிருந்து வந்த வெண்ணெய் இரண்டு கிலோ. ஒரு டப்பாவில் வாடை வருகிறது. நெய்யாகக் காய்ச்சினால் வாடை போகுமா?

என்ன வாடை என்பதைப் பொறுத்தது. புளித்த மோர் வாடையா? அப்படியானால் குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை பிசைந்து கழுவிக் காய்ச்சுங்கள், போய்விடும். பழைய தேங்காயெண்ணெய் போல, தொண்டையைப் பிடிக்கிற காறலா? அது போகாது. முருங்கைக்கீரையை ஒரு கட்டு போட்டாலும் போகாது. காய்ச்சி வடிகட்டி விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல டப்பாவை மட்டும் இன்றைக்கே காய்ச்சிவிடுங்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு 750 முதல் 800 கிராம் நெய் வரும், மிச்சமெல்லாம் தண்ணீரும் மோர்க்கசடும்தான். படபடவென்று வெடிக்கிற சத்தம் இருக்கும்வரை தண்ணீர் இருக்கிறது. சத்தம் அடங்கி, அடியில் மண்டி பொன்னிறமாகி, இரண்டாவது முறை நுரை கட்டும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு அடுப்பை அணையுங்கள். இலை மொறுமொறுவென்று பொரியும். இரண்டு நிமிஷம் தாமதித்தால் நெய் சிவந்துவிடும். ஈரமில்லாத பாத்திரம், ஈரமில்லாத கரண்டி.

வாசகர், சத்தியமங்கலம் பக்கம்: எங்கள் கலப்பினப் பசு கன்று ஈன்றிருக்கிறது. சீம்பால் நிறைய. பால் சொசைட்டியில் சில நாள் வாங்கமாட்டார்கள். வீணாகப் போகிறதே என்று இருக்கிறது.

கன்று குடித்ததா என்பதுதான் என் முதல் கேள்விங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய் சீம்பால் கன்றுக்குப் போகவேண்டும். நோயைத் தாங்கும் சத்து கன்றுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போது வருவதில்லை, இந்தப் பாலில்தான் வருகிறது. கன்று 25 கிலோ இருந்தால் முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போகட்டும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் நமக்கு.

மிஞ்சியதில் இரண்டு லிட்டரைச் சுத்தமான பாட்டில்களில் உறையவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஈத்தில் பசுவுக்கு மடிநோய் வந்தாலோ, பக்கத்து வீட்டுக் கன்று தாயை இழந்தாலோ அது தேவாமிர்தம். உருக்கும்போது வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்துங்கள், கொதிக்கவைத்தால் கட்டியாகிவிடும். சொசைட்டியில் வாங்காததற்கும் இந்தக் கட்டியாகும் குணம்தான் காரணம்.

சாப்பிட: முதல் நாள் பால் என்றால் அதே அளவு சாதாரணப் பால் கலந்து, தட்டிய கருப்பட்டியும் ஏலக்காயும் கரைத்து வடிகட்டி, இட்லிப் பானையில் கிண்ணத்தோடு வேகவையுங்கள். கத்தியால் துண்டு போடலாம். எங்கள் ஊரில் சீம்பாலை விற்கும் வழக்கம் இல்லை, தெருவில் ஏழெட்டு வீட்டுக்குப் போகும். போன பாத்திரம் காலியாகத் திரும்பாது, ஒரு கை அரிசியோ இரண்டு வெல்லக்கட்டியோ வரும். மோரும் அப்படித்தான். வெண்ணெய்க்கு விலை உண்டு, மோருக்குக் கிடையாது. சிலுப்பி முடித்ததும் சொம்போடு வந்து நிற்பார்கள், ஊற்றுவோம்.

பால் கூடும் நாட்களில் தோட்டத்துக்கு வழி பாருங்கள். புளித்த மோரோடு அரப்பு இலைச் சாறு கலந்து ஒரு வாரம் ஊறவைக்கும் அரப்பு மோர்க் கரைசல் உங்கள் பக்கத்தில் தெரியாதவர்களே இருக்கமாட்டார்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பூக்கும் தருணத்தில் தெளிப்பார்கள். பன்னீர் வடித்த நீரை மாட்டுத் தாழியில் கழுநீரோடு விடுங்கள்.

வாசகி, வேலூர்: மாடியில் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றலாமா? மீந்த பாலையும் ஊற்றுகிறார் என் கணவர்.

மோர் சரி. பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை. உப்புப் போட்ட மோரை ஊற்றிவிடாதீர்கள். பாலை அப்படியே ஊற்றினால் தொட்டி நாறும், எறும்பும் ஈயும் வரும். அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிவிடுங்கள்.

வாசகி, இராமநாதபுரம்: துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பெரிய பால்பவுடர் டின் திறந்து மூன்று மாதமாகிறது. கட்டி கட்டியாக இருக்கிறது.

கட்டியை விரலால் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தால், மஞ்சள் பூக்காமலும் எண்ணெய் வாடை இல்லாமலும் இருந்தால் சரி. தயிருக்குத் தோய்க்கும் அரை லிட்டர் பாலில் இரண்டு ஸ்பூன் கரைத்துவிடுங்கள், சமன்படுத்திய பாலிலும் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி வரும். இப்படியே டின் காலியாகும். கல் மாதிரி இறுகியிருந்தால் ஈரம் இறங்கிவிட்டது என்று பொருள், தூக்கிப்போடுங்கள்.

வாசகர், சேலம்: ஒரு பாக்கெட் பாலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? எங்கள் வீட்டில் மீந்தால் கொட்டிவிடுவோம். பெண்களை அடுக்களையிலேயே கட்டிப்போடத்தான் இந்த மாதிரிப் பக்கங்கள்.

கடைசி வரியில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கடிதத்தை எடுத்துப் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆபீஸ் முடிந்து வந்த பெண் நின்றுகொண்டு பன்னீர் வடிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கொட்டட்டும். என் கேள்வி உங்களுக்குத்தான்: 'கொட்டிவிடுவோம்' என்றீர்களே, பாத்திரத்தைத் தூக்கிக் கொட்டுவது யார், நீங்களா? மோர்க்களிக்கு எழுதிய பக்குவம் பெண்கள் மட்டும்தான் கிளறவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. கை வலிக்கக் கிளறவேண்டிய வேலை அது, உங்களுக்குச் சரியாக இருக்கும்.

ஐந்தாம் வகுப்பு மாணவி, பல்லடம்: எங்க ஆத்தா நெய் காய்ச்சின சட்டியில சோறு போட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுத் தர்றாங்க. அம்மா அந்தக் கருப்பு எல்லாம் வேண்டாம்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரிதான் கண்ணு. அடியில் இருக்கிற கசண்டு தேன் நிறமாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஆத்தா பக்கம். கரியாகக் கருகிக் கசந்தால் அம்மா பக்கம். பழுப்புக் கசண்டில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டு, சூடான சோற்றோடு பிசையச் சொல்லு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து பேர், சட்டி ஒன்று. உருண்டை பிடித்து எண்ணித்தான் கொடுப்பார்கள். எனக்கு எப்போதும் கடைசி உருண்டைதான் பிடிக்கும், சட்டியை நன்றாகத் துடைத்துப் பிடிப்பது அதுதானே. சட்டி ஆறுகிறவரை மட்டும் கையை வைக்காதே, நெய்ச் சூடு பார்த்தால் தெரியாது.